திறப்பு விழாவுக்கு உன் அம்மா வருகிறாள்

உன் புதுக் கிளினிக்கின் அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை காலை கூரியரில் வந்தது, தம்பி. கெட்டியான காகிதம், நல்ல அச்சு. முன்பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே ‘பிறவியிலேயே வரம் பெற்ற கைகள்’ என்று இருக்கிறது. உள்ளே திருப்பினால் உன் அம்மா. உன் வைத்திய மேசைமேல் ஒருக்களித்துப் படுத்து, முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிச் சிரிக்கிறாள். அவள் இடுப்பில் உன் இரண்டு கைகள். அதற்குக் கீழே ‘பெற்ற தாயின் இடுப்பு வலியைத் தீர்த்த மகன், இப்போது திண்டுக்கல்லில்’ என்று போட்டிருக்கிறாய். முப்பத்து நாலு வருடம் மாவட்டச் செய்தி எழுதியவன் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அதில் எது சரிபார்த்தது, எது சரிபார்க்காதது என்று கண் தானாகத் தேடும். இதில் தேதி சரி, கிழமை சரி, பைபாஸ் ரோட்டில் கட்டடத்துக்குச் சொல்லியிருக்கும் அடையாளமும் சரி. நான் சொன்ன அந்த இரண்டு வரிகளும் பொய். முதல் பொய் என்னுடையது. இரண்டாவது உன்னுடையது, ஆனால் அது பொய் என்று உனக்கு இன்னும் தெரியாது. தெரியாதபடி உன் அம்மா பார்த்துக்கொண்டாள். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இதை எழுதுகிறேன். நகல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். உன் விழா முடிந்த பிறகு பெயர்களை எடுத்துவிட்டு அதை அச்சுக்குக் கொடுப்பேன். உன்னைப்போல மேசை போட்டவர்களும் அதில் ஏறிப் படுப்பவர்களும் படிக்கட்டும்.

முதலில் என் பொய். உனக்கு ஆறு வயது. நாம் நாகல் நகர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் முடித்து அந்த வீட்டைத் தரவேண்டும், மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடு என்று சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். வந்தவரால் நிமிர முடியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசற்கதவைப் பிடித்தபடி நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, “ஏம்ப்பா, பேப்பர்ல வேல பாக்குற, நாலு பேரத் தெரியும். இந்தப் பக்கம் காலு மொதல்ல வந்து பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? மூணு தரம் நீவுனா விட்டுப்போகும்ங்கிறாங்க” என்று கேட்டார். கால் முதலில் வந்து பிறந்தவர்கள் இடது காலால் இடுப்பை நீவிவிட்டால் பிடிப்பு போய்விடும் என்று நம் பக்கத்தில் நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அப்போது வேறு வீடு பார்க்க வழியில்லை. “வேற எங்கயும் அலைய வேணாண்ணே. நம்ம பயலே அப்படிப் பொறந்தவந்தான்” என்றேன்.

நீ அப்படிப் பிறக்கவில்லை. நீ பிறந்த நாளில் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து நர்ஸ் உன் அம்மாவை அதட்டியது இப்போதும் காதில் இருக்கிறது. “தல தெரியுதுடி, முக்கு.” எல்லாரையும்போலத் தலை முதலில்தான் வந்தாய். உன்னிடம் விசேஷம் ஒன்றும் இல்லை. அன்று வீட்டுக்காரர் நம் கூடத்தில் பாயில் குப்புறப் படுத்தார். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன், நீ அவர் இடுப்பில் கால் வைத்தாய். அடுப்படி வாசலில் நின்ற உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை வேறு யார் பார்த்திருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஐந்தாம் நாள் அவர் நிமிர்ந்து நடந்து வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் உனக்கு ஒரு சட்டையும் கொண்டுவந்தார். அந்த மாதிரிப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே விட்டுவிடும் என்பதைப் பிற்பாடு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்ட பிறகும் உன்னிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தோம்.

வீட்டுக்காரருக்கு நீவிவிட்ட அன்று சாயங்காலம் நீ உன் அம்மாவிடம் போய், “நெசமாவாம்மா? நான் காலால பொறந்தேனா?” என்று கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். “ஆமாப்பு” என்றாள். அவள் உனக்குச் சொன்ன முதல் பொய் அது. எனக்காகச் சொன்னாள். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஆள் வந்தது. சின்னாளபட்டியில் குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போன நெசவாளிகள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ஆத்தூர்ப் பக்கத்தில் களை எடுத்துக் கூனிப்போன பெண்கள். அவர்கள் முதுகில் ஏறி நின்று நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதே வாரங்களில் போலி டாக்டர் கைது என்று மூன்று செய்தி எழுதியிருப்பேன். ஊசி போட்டவன், மாத்திரை கொடுத்தவன் பெயரையெல்லாம் இனிஷியலோடு எழுதினேன். என் கூடத்தில் நடந்ததை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பி.காம் முடித்துவிட்டு நீ நாலு வேலை மாறினாய். பிறகு பெங்களூருக்குப் போய் வார இறுதி வகுப்புகளாக ஏதோ படித்து, முதுகெலும்பை முறுக்கிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் என்று சட்டகம் போட்ட சான்றிதழோடு கோயம்புத்தூரில் மேசை போட்டாய். அந்த வைத்தியத்தை வருடக்கணக்கில் முறையாகப் படித்து, யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று தெரிந்து செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நீ அவர்களில் ஒருவனாக இருந்ததே இல்லை. எலும்பு மடக்கென்று நெட்டி முறியும் சத்தம் வீடியோவில் நன்றாகக் கேட்கவேண்டும் என்று வருகிறவர்களின் சட்டைக் காலரில் சின்ன மைக் குத்தினாய். அந்தச் சத்தம் மூட்டுக்குள் இருக்கும் காற்றுக் குமிழி, அது வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று மதுரையில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். உன் வீடியோக்களை லட்சம் பேர் பார்க்கிறார்கள். அத்தனை பேரும் கேட்பது காற்றை.

இனி உன் பொய். உன் அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு முன் இடுப்பில் தொடங்கி இடது காலில் இறங்கும் வலி வந்தது. இங்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முந்நூறு ரூபாய் வாங்கினார். தட்டிப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். ஜவ்வு பிதுங்கியிருக்கலாம், ஸ்கேன் இப்போது அவசரமில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள், ஆறு வாரத்தில் பெரும்பாலும் தணியும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். “உக்கார்ற எடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல மாத்தம் தெரிஞ்சாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க, ஓடி வாங்க.” அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும், “ஊருக்கெல்லாம் எம்புள்ள பாக்குறான். நான் எதுக்கு ஆறு வாரம் கெடந்து சாகணும்?” என்றாள். அவள் ஆசை இடுப்பைப் பற்றியது மட்டும் இல்லை. மகன் கையால் குணமானாள் என்று நாலு பேர் சொல்லவேண்டும். அடுத்த நாளே பஸ் ஏறினாள். நான் தடுக்கவில்லை. என் பொய்யை அங்கே எடுத்துச் சொல்லாமல் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஜன்னல் ஓர சீட்டாகப் பார்த்து உட்காரவைத்தேன்.

உன்னிடம் ஐந்து நாள் இருந்தாள். மூன்று சிட்டிங் செய்தாய். மற்றவர்களிடம் பதினைந்து சிட்டிங்குக்கு இருபத்திரண்டாயிரம் முன்பணமாக வாங்குகிறாய், அம்மாவிடம் வாங்கவில்லை. கால் மரத்திருக்கிறதா என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டானா என்று அவளிடம் மூன்று முறை, மூன்று வேறு நாட்களில் கேட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே பதில். மூன்றாம் சிட்டிங்கைத்தான் நீ படம் எடுத்தாய். இடுப்பை ஒரு பக்கமும் தோளை இன்னொரு பக்கமும் முறுக்கி உன் எடையை இறக்கினாய். சத்தம் வந்தது, அவள் சிரித்தாள். அது சிரிப்பில்லை, வலியில் முகம் கோணியது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார். நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே உட்காரும் இடம் மரத்திருந்தது. பஸ் சீட்டினால் என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை குளியலறையில் வெகுநேரம் இருந்தாள், சிறுநீர் வருவது தெரியவில்லை. என்னிடம் மறைத்துவிட்டு உனக்குத்தான் போன் செய்தாள். நீ சொன்னதை அவள் பிற்பாடு அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னாள், பெருமையாக. “நரம்பு ரிலீஸ் ஆவுதும்மா, அப்படித்தான் இருக்கும். வெந்நி குடி, செத்த நேரம் படு.” ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்தாள். நாற்காலி நனைந்திருந்தது. தரையிலும் சொட்டியிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை, தம்பி. நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, முதலில் வாசற்கதவைச் சாத்தச் சொன்னாள்.

அரசு ஆஸ்பத்திரியில் உன் வயதுகூட இருக்காது, ஒரு பெண் டாக்டர். குண்டூசியால் தொடைக்கு உள்பக்கம் குத்திக் குத்திக் கேட்டாள், “தெரியுதாம்மா, தெரியுதாம்மா.” உன் அம்மா ஒவ்வொன்றுக்கும் தெரியுது என்றாள். அந்தப் பெண் ஊசியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, “இப்பத் தெரியுதாம்மா?” என்றாள். “தெரியுது” என்றாள் உன் அம்மா, கூரையைப் பார்த்தபடியே. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை அறுவை நடந்தது. நான் டாக்டரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன், உனக்குச் சாதகமானதையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் முறுக்கினால்தான் ஜவ்வு முழுக்கப் பிதுங்கி நரம்பை நசுக்கியது என்று சத்தியம் செய்ய முடியாது, தானாகவும் நடந்திருக்கலாம் என்றார். “ஆனா சனிக்கிழமையே வந்திருந்தா கதை வேற. அந்த ஒண்ணரை நாள யாரு வீணாக்குனாங்களோ, அவங்கதான்” என்றார். யாரென்று அவர் கேட்கவில்லை.

இடது பாதம் தொங்குகிறது. பிளாஸ்டிக் பட்டை கட்டினால்தான் தரையில் இடறாமல் வரும். சிறுநீரை ஒரு நாளைக்கு ஐந்து தடவை குழாய் விட்டு எடுக்கவேண்டும். அவளுக்குக் கண்ணாடி பிடித்துச் செய்ய வரவில்லை, நான்தான் செய்கிறேன். இதையெல்லாம் பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்பாள். உன் கை அவள் உடம்பில் செய்ததை உன் காது கேட்கக்கூடாதா? நாங்கள் மதுரையில் இருந்த இரண்டு வாரமும், எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னது அவள்தான். நீ பாதாம், பிஸ்தா பெட்டி அனுப்பினாய். “கேஸ் நெறைய இருக்குப்பா, நகர முடியல” என்றாய். வந்திருந்தால் எந்தக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார் என்று பார்த்திருப்பாய். அந்தப் பாதாமை உன் அம்மா நர்ஸுகளுக்குக் கொடுத்து, எம்மகன் டாக்டர், கோயம்புத்தூரில் இருக்கிறான் என்றாள். டிரெஸ்ஸிங் மாற்ற வந்த நர்ஸ், “அப்ப நீங்க அங்கேயே போயிருக்கலாமேம்மா” என்றாள். உன் அம்மா சிரித்தாள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். போன புதன்கிழமை தொப்பம்பட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வீடு தேடி வந்தார். கையில் உன் அழைப்பிதழ். மக்காச்சோளம் போடுகிறவர், ஐம்பது வயது இருக்கும், ஒரு காலை இழுத்து வைத்தார். “ஏனுங்க, டாக்டர் தம்பியோட அப்பா நீங்கதானுங்களே? தொறந்த அன்னிக்கே மொத ஆளா எனக்கு ஒரு டோக்கன் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. இருபத்திரண்டாயிரத்துக்கு ஒரு மாட்டப் புடிச்சு வித்துப்போட்டனுங்க” என்றார். கால் மரத்திருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வாரமாக மரத்திருக்கிறது என்றார். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இன்றைக்கே போங்கள் என்றேன். அவர் அழைப்பிதழைத் திருப்பி உன் அம்மா படத்தைக் காட்டினார். “என்னங்க இப்படிச் சொல்றீங்க. பெத்த அம்மாவையே சரி பண்ணீட்டாருங்களாமே?” என்றார்.

உன் அம்மா உள் அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. நான் குழாய் விட்டு எடுக்கவேண்டிய நேரம் அது, படுத்திருந்தாள். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். “ஆமாங்க. எனக்கு அம்புட்டும் சரியாயிருச்சு. மொத நாளே போங்க.” அவர் கதவைப் பார்த்துக் கும்பிட்டார். போகும்போது, “டாக்டரப் பெத்த புண்ணியவதிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய், “என்னத்தடி சொன்ன?” என்றேன். “அவன் தொழில என் வாயால கெடுக்கச் சொல்றீங்களா? நீங்க மட்டும் அன்னிக்கு என்ன சொன்னீங்களாம்?” என்றாள். அவர் ஊரைக் கேட்டு வைத்திருந்தேன், மறுநாள் நானே பஸ் பிடித்துப் போனேன். ஒரு மணி நேரம் பேசினேன். உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லாமல் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. மகனோடு மனஸ்தாபம்போல என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. மோர் கொடுத்து அனுப்பினார்கள். உன் மேசையில் முதலில் படுக்கப்போவது அவர்தான்.

அப்பன் மகனுக்குப் புத்தி சொல்லும் கடிதம் என்றால் நாலு நல்ல வார்த்தை இருக்கவேண்டும். என்னிடம் இரண்டுதான் இருக்கின்றன. வலி என்று வருகிறவனிடம் கையை நீட்டுவதற்கு முன் வாயைத் திற. மரத்திருக்கிறதா, சிறுநீர் சரியாக வருகிறதா, காய்ச்சல் உண்டா, எங்காவது விழுந்தாயா என்று கேள். கேட்ட பிறகு, எனக்குத் தெரியாது, டாக்டரிடம் போ என்று சொல்லக் கற்றுக்கொள். இந்த இரண்டும் ஐந்து நிமிட வேலை. இவற்றுக்கு வரம் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம். ஆனால் இதைச் செய்தால் பத்தில் ஐந்து பேர் மேசையில் ஏறமாட்டார்கள், மீதிப் பேரில் பலர் ஆறு வாரம் சும்மா நடந்தே சரியாகிவிடுவார்கள். கடைக்கு வாடகை கட்ட முடியாது. அதனால் நீ கற்றுக்கொள்ளமாட்டாய் என்றே நினைக்கிறேன். உன்னைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. வாடகை வீட்டுக்காக நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா விழாவுக்கு வருகிறாள். முந்தாநாள் அவள் உன்னிடம் போனில், வாசலில் எத்தனை படி என்று கேட்டாள், நினைவிருக்கிறதா? அழகைக் கேட்கிறாள் என்று நினைத்து நீ, “மூணு படிம்மா, கறுப்பு கிரானைட், முகம் தெரியும்” என்றாய். நம் அடுப்படிக் கதவுக்கு வெளியே இரண்டு படிதான். மூன்றாவதற்குச் செங்கல் அடுக்கிக் கொடுக்கச் சொன்னாள், அடுக்கிக் கொடுத்தேன். இரண்டு நாளாகப் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறி இறங்கிப் பழகுகிறாள். கணுக்கால் பட்டை தெரியாமல் சேலை எவ்வளவு இறங்கவேண்டும் என்று பார்க்கிறாள். கீழ்ப்படியில் பாதம் இடறாமல் வருகிறது. இரண்டாவதில் நேற்று விழுந்தாள். எழுப்பி உட்காரவைத்தேன். முட்டியைத் துடைத்துக்கொண்டே, “கைப்பிடி வச்சிருக்கானான்னு கேட்க மறந்துட்டேன்” என்றாள். இடுப்பு வலிக்காரர்கள் வரும் கடைக்குக் கைப்பிடி வைத்திருப்பாய் என்று நான் போய்ப் பார்த்தேன். இல்லை. வந்து சொன்னேன். “அப்ப உங்க தோளப் பிடிச்சுக்கிறேன். சிரிச்சுப் பேசிக்கிட்டே ஏறிடுவேன், ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள். சரி என்றேன்.

விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு நாலு மணி நேரப் பயணம். நீ வந்து அவளைப் பார்க்கலாம். அந்த வீடியோவை நீக்கலாம், தொப்பம்பட்டிக்காரரை நீயே உன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், புதுக் கடைக் கதவைத் திறக்காமலே பூட்டலாம். வராவிட்டால், சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு அவளை அழைத்து வருவேன். உன் விருந்தினர்கள் எல்லாரும் வாசலில் நிற்பார்கள், கேமராவும் இருக்கும். முதல் படி ஏறுவாள். இரண்டாவது படிக்கு என் தோளுக்குக் கை நீட்டுவாள். நான் நகர்ந்துகொள்வேன்.